55,000 ரூபாய்க்கு பிளெண்டர் வாங்கலாமா?

(சமையலறைச் சாதனங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, திருச்சி உறையூரில் மிக்ஸி, கிரைண்டர் சர்வீஸ் கடை நடத்துபவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, வணக்கம். நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. வீட்டில் நானும் கணவரும் 84 வயது மாமியாரும் இருக்கிறோம். டெக்சாஸில் இருக்கும் மகன், தீபாவளிக்கு எனக்கு ஒரு வைட்டாமிக்ஸ் பிளெண்டர் வாங்கித் தருவதாகச் சொல்கிறான். இந்தியாவிலேயே கிடைக்கிற மாடலாம், அவன் பார்த்த விலை 55,000 ரூபாய். சட்னி, பொடி, இட்லி மாவு, பாட்டிக்குக் கஞ்சி, அப்பாவுக்குக் கீரை ஜூஸ் எல்லாம் அதிலேயே ஆகிவிடும், மிக்ஸியையும் கிரைண்டரையும் தூக்கிக் கொடுத்துவிடு என்கிறான். என்னிடம் இருப்பது ஒன்பது வருஷத்து 750 வாட் மிக்ஸி. முன்பு மாதிரி நைசாக அரைப்பதில்லை என்பது உண்மைதான். என் கணவரோ, அந்தக் காசுக்கு ஒரு பசுமாடு வாங்கலாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பசுமாட்டுக்குத் தீவனச் செலவு உண்டு அம்மா, ஐயாவிடம் அதையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் மகன் சொல்வது மட்டமான மெஷின் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் குடும்பக் கம்பெனி. 1921-இல் ஆரம்பித்தது, 1937-இல் முதல் பிளெண்டரை விற்றது. 1949-லேயே தொலைக்காட்சியில் நின்று அரைத்துக் காட்டி விற்றவர்கள் அவர்கள். பிளெண்டெக் என்று அதற்குப் போட்டியான இன்னொரு கம்பெனி 2006-லிருந்து இணையத்தில் கோலிக்குண்டையும் கைப்பேசியையும் போட்டு அரைத்துத் தூளாக்கிக் காட்டியது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் கோலிக்குண்டு அரைப்பதில்லை. அரை மூடித் தேங்காயும் ரெண்டு பச்சை மிளகாயும் அரைக்கிறீர்கள். கேள்வி அங்கேதான் இருக்கிறது.

அந்த பிளெண்டரின் ஜாரைப் பாருங்கள். உயரமாக, ரெண்டு லிட்டர் கொள்ளுகிற மாதிரி, அடியில் கொஞ்சம் குறுகி இருக்கும். பிளேடு நம் மிக்ஸி பிளேடைப் போலக் கூர்மையாக இருக்காது. பயங்கர வேகத்தில் சுற்றி, உள்ளே இருப்பதை ஒரு சுழல் மாதிரி கீழே இழுத்து, அடித்து நொறுக்குகிறது. சுழல் உண்டாக வேண்டுமென்றால் உள்ளே நிறையப் பொருள் வேண்டும், தண்ணீரும் வேண்டும். நாலு டம்ளர் பழக்கூழ் போடுங்கள், பட்டு மாதிரி வரும். மூன்று பேருக்கான தேங்காய்ச் சட்னியைப் போடுங்கள், ரெண்டு சுற்றில் எல்லாம் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு நடுவில் பிளேடு மட்டும் காற்றில் சுற்றும். மேலிருந்து தள்ளிவிட ஒரு தடிமனான பிளாஸ்டிக் தண்டு கூடவே தருவார்கள். ஆனாலும் ஒரு கைப்பிடிச் சட்னி அதற்குப் பிடிபடாது. தண்ணீர் ஊற்றினால் அரைபடும், ஆனால் சட்னி தண்ணீராகிவிடும். சின்ன அளவுக்கென்று தனி ஜார் விற்கிறார்கள், அதற்குத் தனி விலை.

நம் மிக்ஸியோடு வருகிற 400 மில்லி சட்னி ஜார் இந்தக் காரணத்துக்காகவே பிறந்தது. கொஞ்சமாக, கெட்டியாக, தண்ணீர் இல்லாமல் அரைக்கிறதுதான் நம் வழக்கம். 1960-களில் சீமென்ஸ் கம்பெனியில் பொறியாளராக இருந்த சத்யபிரகாஷ் மாத்தூர் சுமீத் மிக்ஸியைச் செய்ததற்குக் காரணமே, அவர் மனைவி வைத்திருந்த ஜெர்மன் மிக்ஸி நம் ஊர் அரைப்பைத் தாங்காமல் எரிந்துபோனதுதான். வெளிநாட்டு மோட்டாருக்கு நம் மசாலா ஒத்துவராமல்தான் இந்திய மிக்ஸி என்று ஒன்று வந்தது. இன்றைக்கு வைட்டாமிக்ஸ் மோட்டார் எரியாது, அதற்குப் பலம் தாராளமாக இருக்கிறது. ஜார்தான் வேறு சமையலுக்காகச் செய்தது.

அடுத்தது பொடி. மிளகாய், மல்லி, காய்ந்த மஞ்சள் எல்லாம் அரைக்கிற பலம் அதற்கு உண்டு. ஆனால் அதன் ஜார் கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக். அதில் காய்ந்த சாமான் அரைத்தால் உள்பக்கம் கீறல் விழுந்து மங்கிவிடும், மிளகாய் நெடியும் லேசில் போகாது. மறுநாள் அதிலேயே மாம்பழ மில்க் ஷேக் போட்டால் மாமியாருக்குத் தும்மல் வரும். உலர் சாமானுக்கென்று அவர்களே வேறு ஜார் விற்கிறார்கள். அதுவும் தனி விலைதான். நம் ஸ்டீல் ஜாரை சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது.

இட்லி மாவு விஷயத்தில் உங்கள் மகனிடம் நான் நேரடியாகவே மாறுபடுகிறேன். அரைபடும், சந்தேகமில்லை. ஆனால் அந்த வேகத்தில் மாவு சூடேறும். சூடேறிய உளுந்து பொங்காது. மேசை மேல் வைக்கிற ரெண்டு லிட்டர் கிரைண்டரின் மோட்டார் 150 வாட் அளவுதான் இருக்கும், 1,500 வாட் அளவு இழுக்கிற இந்த பிளெண்டரில் பத்தில் ஒரு பங்கு. அதுதான் நல்ல உளுந்து மாவு தருகிறது. கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடாகாது, உருட்டி உருட்டிக் காற்றையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஐஸ் தண்ணீர் ஊற்றி மிக்ஸியில் அரைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு, வெளிநாட்டில் வேறு வழியில்லாமல் பிளெண்டரில் அரைப்பவர்களும் உண்டு. உங்கள் மகன் அந்த இட்லிக்குப் பழகியிருப்பார். தஞ்சாவூரில் உங்களுக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. கிரைண்டரை யாருக்கும் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

இப்போது மாமியாருக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான் ரெண்டு தடவை படித்த வரி அதுதான். மெல்ல முடியாதவர்களுக்கு எல்லாவற்றையும் கூழாக்கித் தர வேண்டிய வீட்டில் பெரிய பிளெண்டர் உதவுமா என்றால், சில வீடுகளில் உதவும். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். வெந்த பொருளுக்கு அவ்வளவு பலம் தேவையே இல்லை. குழைய வேகவைத்த சாதம், பருப்பு, கேரட், பூசணி இதெல்லாம் உங்கள் 750 வாட் மிக்ஸியிலேயே கட்டியில்லாமல் வந்துவிடும். ரொம்ப நைசாக வேண்டுமென்றால் ஒரு முறை வடிகட்டினால் போதும். பச்சையாக இருக்கிற நார்ப் பொருள்தான் மிக்ஸியைத் தோற்கடிக்கும். முருங்கைக்கீரைக் காம்பு, பீட்ரூட், இஞ்சி, கொய்யா விதை, ஊறாத பாதாம், இந்த மாதிரி சாமான்களில்தான் அந்த 1,500 வாட் மோட்டாரின் வித்தியாசம் தெரியும். மாமியார் சாப்பிடுவது வெந்த சாப்பாடாக இருந்தால் 55,000 ரூபாய் அவருக்காகச் செலவு செய்ய வேண்டியதில்லை. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். விழுங்கச் சிரமப்படுகிறார் என்றால் கூழ் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எளிதாக இறங்கட்டும் என்று நீர்க்கக் கொடுப்பது சிலருக்குப் புரையேற்றிவிடும்.

ஐயாவுடைய கீரை ஜூஸ்தான் இந்த மெஷினுக்கு நியாயமான வேலை. தினமும் பச்சைக் கீரை, வெள்ளரி, நெல்லிக்காய் என்று நாலைந்து சாமானைப் போட்டு, வடிகட்டாமல், நாரோடு குடிக்கிற பழக்கம் நிஜமாகவே இருந்தால், மிக்ஸியில் அரைத்ததற்கும் இதில் அரைத்ததற்கும் நாக்கிலேயே வித்தியாசம் தெரியும். ஆனால் அந்தப் பழக்கம் இருக்கிறதா, வரப்போகிறதா? மெஷின் வந்தால் பழக்கம் வரும் என்று வாங்கியவர்கள் வீட்டு மெஷின்கள் புத்தம் புதுசாக என் கடைக்கு வருகின்றன, விற்க முடியுமா என்று கேட்டு. ஒரு மாதம் இருக்கிற மிக்ஸியிலேயே அரைத்து, வடிகட்டாமல் ஐயாவைக் குடிக்கச் சொல்லுங்கள். திப்பி நாக்கில் படுவதைப் பொறுத்துக்கொண்டு மாதம் முழுக்கக் குடித்தால் அவருக்கு இந்த மெஷின் தகும்.

வாட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளம்பரத்தில் அதை வைத்துத்தான் மயக்குவார்கள். ஒரு குதிரைத்திறன் என்றால் 746 வாட். ‘2 ஹெச்பி பீக்’ என்று போட்டிருந்தால், மோட்டார் ஒரு நொடி முக்கி எழும்போது எட்டுகிற உச்சம் அது, நின்று ஓடுகிற பலம் இல்லை. பெட்டியில் போட்டிருப்பதை விட்டுவிட்டு மெஷினைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கிற தகட்டைப் படியுங்கள். அங்கே இருக்கிற வாட்டும் கூட, கரண்டிலிருந்து இழுக்கிற அளவுதான். அதில் ஒரு பங்கு சூடாகவும் சத்தமாகவும் போய், மிச்சம்தான் பிளேடுக்கு வரும். சத்தம் பற்றி: நம் மிக்ஸிக்கே பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துகொள்ளும், இதற்கு அதைவிடக் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டு வயரிங்கையும் பாருங்கள். 750 வாட் மிக்ஸி 230 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியருக்குள் இழுக்கும். 1,500 வாட் மெஷின் ஆறரை ஆம்பியர். சமையல் மேடைக்கு மேலே பழைய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் சின்ன ஆறு ஆம்பியர் பாயின்ட்தான். கீசருக்குப் போடுகிற மாதிரி 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்று, அதற்குத் தகுந்த ஒயரோடு இழுக்க வேண்டியிருக்கும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி ஓட்டினால் முதலில் பிளக் கருகும். கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்ற நினைப்பும் வேண்டாம்.

சூடான சூப்பே அதில் தயாராகும் என்று காட்டுவார்கள். உண்மைதான், அஞ்சாறு நிமிஷம் முழு வேகத்தில் ஓடினால் பிளேடு உரசலிலேயே ஆவி வரும். ஆனால் உங்கள் வீட்டில் அடுப்பு இருக்கிறதல்லவா?

கடைசியாக ரிப்பேர். நம் மிக்ஸியின் கப்ளர் (ஜாரை மோட்டாரோடு கோக்கிற பல் வைத்த துண்டு) தேய்ந்தால் நூறு ரூபாய்க்குள் வேலை முடியும். ஜார் புஷ் (பிளேடின் தண்டைத் தாங்குகிற வளையம்), பிளேடு, வாஷர், மோட்டாருக்குக் கரண்ட் கடத்துகிற கார்பன் பிரஷ் எதுவாக இருந்தாலும் தெரு முனைக் கடையில் அரை மணி நேரத்தில் மாற்றித் தருவார்கள். அந்த மெஷினுக்கு நீண்ட வாரண்டி தருகிறார்கள், அது பெரிய விஷயம், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வாரண்டி என்பது சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருந்தால்தான் வாரண்டி. தஞ்சாவூரிலிருந்து எங்கே அனுப்ப வேண்டும், போகவர யார் செலவு, எத்தனை நாள் ஆகும், அதுவரை எதில் சட்னி அரைப்பது, இந்த நாலையும் வாங்குவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆக, என் முடிவு: உங்களுக்கு வேண்டாம். பழைய மிக்ஸியைத் தூக்கிப் போடவும் வேண்டாம். நைசாக அரைக்கவில்லை என்றீர்களே, ஒன்பது வருஷ மிக்ஸியில் அநேகமாக அது மோட்டார் கோளாறாக இருக்காது. பிளேடு மழுங்கியிருக்கும், அல்லது புஷ் தேய்ந்து பிளேடு ஆடும். ஜாரை வெறுமனே வைத்து பிளேடைக் கையால் அசைத்துப் பாருங்கள் (பிளக்கைப் பிடுங்கிவிட்டு!). ஆடினால் புஷ், ஆடாமல் அரைக்கவும் இல்லையென்றால் பிளேடு. சில நூறு ரூபாயில் பழைய மிக்ஸி திரும்ப வந்துவிடும். மகன் ஆசையாகக் கேட்கிறார், மறுத்தால் வருத்தப்படுவார் என்று நினைத்தால், 1,000 வாட்டில் நல்ல மிக்ஸி ஒன்றும், கூடுதலாக ஒரு சட்னி ஜாரும் கேளுங்கள். மிச்சக் காசுக்கு அவரையே ஒரு தடவை ஊருக்கு வரச் சொல்லுங்கள், டிக்கெட்டில் பாதியாவது தேறும்.

கேள்வி: நியூ ஜெர்ஸியிலிருந்து நிரந்தரமாகச் சென்னைக்குத் திரும்புகிறோம். அங்கே ஆறு வருஷமாகப் பயன்படுத்தும் உயர்சக்தி பிளெண்டரைக் கன்டெய்னரில் போட்டுக் கொண்டுவரலாமா? ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஓடும் என்கிறார் நண்பர். – ஒரு வாசகர்

பதில்: ஓடும். ஆனால் கொண்டுவராதீர்கள்.

அது 120 வோல்ட் மெஷின். நம் 230-இல் நேராகச் சொருகினால் ஒரே நிமிஷத்தில் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றுகிற காயில்) போய்விடும், புகையும் வரும். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 என்பதைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். கார்பன் பிரஷ் உள்ள மோட்டாருக்கு அது பெரிய விஷயமே இல்லை, வோல்ட்டேஜ்தான் விஷயம். 1,400 வாட்டுக்கு மேல் இழுக்கிற மெஷினுக்கு 2,000 வாட்டாவது தாங்குகிற, வோல்ட்டேஜைக் குறைத்துத் தருகிற ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது செம்பும் இரும்பும் அடைத்த பெட்டி, ஒரு கையால் தூக்க முடியாது. ஷேவர், சார்ஜருக்கு விற்கிற உள்ளங்கை அளவு கன்வெர்ட்டரில் சொருகினால் கன்வெர்ட்டர் முதலில் எரியும். சமையல் மேடையில் மெஷின் ஒரு இடம், அதற்குக் காவலாக இந்தப் பெட்டி ஒரு இடம். அதோடு, இன்னொரு நாட்டில் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டினால் வாரண்டியை மறந்துவிட வேண்டியதுதான். மோட்டார் போனால் 120 வோல்ட் மோட்டாரை இங்கே எவரும் ஸ்டாக் வைப்பதில்லை. காயில் கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் கட்டியது எத்தனை நாள் வரும் என்று அவரையே கேளுங்கள்.

அங்கேயே விற்றுவிடுங்கள். அந்த மாதிரி மெஷினுக்கு அமெரிக்காவில் பழசுக்கும் நல்ல கிராக்கி உண்டு. இங்கே வந்து மூன்று மாதம் சென்னைச் சமையல் சமைத்துப் பார்த்தபின், ஸ்மூத்தி இன்னும் தினமும் குடிக்கிறீர்கள் என்றால் இந்திய வோல்ட்டேஜ் மாடலாக வாங்குங்கள். தஞ்சாவூர் அம்மாவுக்கு வேண்டாம் என்றேன், உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆறு வருஷம் பயன்படுத்தியவருக்கு அதன் அருமை தெரியும்.

கேள்வி: கல்லூரி வாசலில் சின்ன ஜூஸ் கடை போடுகிறேன். வீட்டு மிக்ஸி ரெண்டு வாங்கி மாற்றி மாற்றி ஓட்டினால் போதாதா? எல்லோரும் விலை உயர்ந்த கமர்ஷியல் பிளெண்டர் வாங்கச் சொல்கிறார்கள். – ஒரு வாசகர், கோவை

பதில்: எல்லோரும் சொல்வது சரி தம்பி. உயர்சக்தி பிளெண்டருக்குப் பணம் போட்டால் பணம் திரும்புகிற இடம் உங்கள் கடைதான்.

வீட்டு மிக்ஸியின் தகட்டில் 30 நிமிடம் என்று ரேட்டிங் போட்டிருக்கும். தொடர்ந்து எவ்வளவு நேரம் வேலை கொடுக்கலாம் என்பதற்கான வரம்பு அது, அதற்குள்ளும் இடையிடையே ஓய்வு கொடுத்துத்தான் ஓட்ட வேண்டும். மதியம் கல்லூரி விட்டதும் வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்கு உங்கள் மோட்டார் ஓய்வெடுக்கும்வரை பொறுமை இருக்காது. ஐஸ் கட்டியும் உறைந்த பழமும் போட்டு அடித்தால் கப்ளர் பல் முதலில் உடையும், அப்புறம் பிரஷ், அப்புறம் ஆர்மேச்சர். கடையில் ஓட்டியது தெரிந்தால் வீட்டு மிக்ஸிக்கு வாரண்டியும் கிடைக்காது, கார்பன் தூளைப் பார்த்தாலே சர்வீஸ்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

ஒன்றே ஒன்று வாங்குங்கள், ஆனால் ஜார் மூன்று வாங்குங்கள். பால் ஷேக்குக்கு ஒன்று, பழ ஜூஸுக்கு ஒன்று, கழுவி வைக்க ஒன்று. ஜூஸ் கடையில் நேரம் போவது அரைப்பதில் இல்லை, கழுவுவதில். புதுசுக்குப் பணம் இல்லையென்றால், மூடப்போகிற கடைகளிலிருந்து பழசு வரும். வாங்கும் முன் தண்ணீரும் ஐஸும் போட்டு ரெண்டு நிமிஷம் ஓட்டி, அடியில் கருகல் வாசனை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள்.

கேள்வி: 500 வாட், 750 வாட், 1,000 வாட் – புதுமணத் தம்பதிக்கு எது? – ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: 750. தேங்காய்ச் சட்னியும் வெங்காயத் துவையலும் மட்டும் என்றால் 500-ஏ போதும். 2011-இல் அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸியை இன்னும் சட்னிக்கு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டுக் குடும்பம், வாரா வாரம் பொடி, மஞ்சள் என்றால் 1,000. வாட்டைவிட, ஜார் மூடி கையை எடுத்தாலும் கழலாமல் நிற்கிறதா, ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, நாமக்கல்லில் அந்தக் கம்பெனி ஜாருக்கு புஷ் கிடைக்குமா என்று பாருங்கள்.

கேள்வி: பருப்புப் பொடி அரைக்கும்போது மிக்ஸி பாதியில் நின்றுவிடுகிறது. அரை மணி கழித்துத் தானாக ஓடுகிறது. புதுசு வாங்கிவிடவா? – ஒரு வாசகர், பெரம்பலூர்

பதில்: வேண்டாம். மோட்டார் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. பெரும்பாலான மிக்ஸிகளில் அடியில் சிவப்பாக ஒரு பட்டன் இருக்கும், அதுதான் ஓவர்லோடு சுவிட்ச். ஸ்விட்சை அணைத்து, ஆறவிட்டு, அந்தப் பட்டனை அமுக்கினால் ஓடும். சில மாடல்களில் உங்களுடையது போலச் சூடு தணிந்ததும் தானாகவே ஓடும். ஜாரில் பாதிக்கு மேல் போடாமல், விட்டு விட்டு ஓட்டுங்கள். வறுத்த பருப்பை முழுக்க ஆறவைத்து அரையுங்கள். அப்படியும் நின்றால் கடைக்குக் கொண்டுபோங்கள், ஜாரையும் சேர்த்து. மிக்ஸியை மட்டும் பையில் போட்டுக் கொண்டுவந்து என்ன கோளாறு என்று கேட்பவர்கள்தான் அதிகம். பாதி நேரம் ஜார் புஷ் இறுகிப்போய் மோட்டாரைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், அந்த ஜார் வீட்டில் பாத்திரத் தட்டில் கவிழ்ந்து கிடக்கும்.